மன்னனுக்கு மட்டுமா மெய்க்காப்பாளன்?

2023-ஆம் ஆண்டு, ஜனவரித் திங்கள் 2-ஆம் நாள் இரவு. அமெரிக்க நாட்டின் சின்சினாட்டி நகரம். ஒளி வெள்ளத்திலே பந்தாட்டம் நடக்கிறது. திடலைச் சுற்றிப் பல்லாயிரவர். தொலைக்காட்சியின் முன்னே பல இலட்சம் பேர். பஃபலோ அணியின் காளை டமார் ஹாம்லின், வயது 24, பாய்ந்து வந்த எதிரணி வீரரைத் தடுத்து வீழ்த்துகிறார். மார்பிலே அடி! எழுந்தார். இரண்டடி வைத்தார். சாய்ந்தார். இதயம் நின்றுவிட்டது!

அந்த நொடியிலே அவர் உயிரைப் பிடித்து நிறுத்தியது யார்? அணியின் முதலாளியா? விளம்பரத்துக்குக் கோடி கோடியாகக் கொட்டிய கம்பெனியா? அரங்கம் அதிர ஆர்ப்பரித்த கூட்டமா? இல்லை, தோழர்களே, இல்லை! டென்னி கெல்லிங்டன் என்றொருவர் மண்டியிட்டார். இரு கைகளையும் கோத்து, சாய்ந்தவர் மார்பை அழுத்தினார். மருத்துவக் குழுவினர் மின்னதிர்ச்சிக் கருவியுடன் சூழ்ந்தனர். நின்ற இதயம் மீண்டும் துடித்தது. அந்த ஆண்டே ஹாம்லின் மறுபடி திடலில் இறங்கினார்!

யார் அந்தக் கெல்லிங்டன்? மருத்துவர் அல்லர். ஆட்டம் சொல்லித் தரும் ஆசானும் அல்லர். அணியின் துணை 'அத்லெடிக் டிரெயினர்'. 'டிரெயினர்' என்றதும் தண்டால் எடுக்கச் சொல்பவர், பளு தூக்கக் கற்றுத் தருபவர் என்று எண்ணுவோர் அந்நாட்டிலும் உண்டு, இங்கும் உண்டு. அது தவறு. அவர் வேலை உடலை வளர்ப்பதல்ல, காப்பது. ஆகவே நாம் அவரை மெய்க்காப்பாளர் என்றே அழைப்போம். மன்னர்கள் மெய்க்காப்பாளர் வைத்துக் கொண்டார்கள், கத்தி வருமென்று அஞ்சி. வியர்வை சிந்தும் உடலுக்கோ வெயிலும் வேகமும் விழுகின்ற அடியுமே கத்தி!

இந்தத் தொழில் பிறந்த கதையைக் கேளுங்கள். முன்னாளிலே தண்ணீர் வாளி தூக்குபவர், தைலம் தேய்ப்பவர், துணி சுற்றிக் கட்டுபவர் என்றே இவரை எண்ணினார்கள். கைப்பழக்கம் இருந்தது, கல்வி இல்லை. கனவான்கள் கண்ணுக்கு அவர் எடுபிடி! 1950-இல் கான்சாஸ் நகரிலே சுமார் நூறு பேர் கூடினர். தங்களுக்கென ஒரு தேசியச் சங்கம் கண்டனர். 1969-இல் நான்கு பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டத்துக்குச் சங்கம் ஒப்புதல் தந்தது. 1970-இல் முதல் சான்றிதழ்த் தேர்வு. 1990-இல் அமெரிக்க மருத்துவச் சங்கமே, 'இதுவும் உடல்நலத் தொழில்தான்' என்று ஏற்றுக்கொண்டது. நாற்பதாண்டு! சங்கமும் கல்வியும் கைகோத்து, எடுபிடி என்ற பேரைத் துடைக்க நாற்பதாண்டு பிடித்தது!

இன்று அந்தச் சான்றிதழைப் பெற வேண்டுமானால் பல்கலைக்கழகப் படியேறியே தீர வேண்டும். தொழில் பழகியதைக் காட்டித் தேர்வெழுதும் வழி 2004-உடன் மூடப்பட்டது. இளங்கலை போதாது, முதுகலை வேண்டும் என்று 2015-இல் முடிவு செய்தார்கள். 2022-க்குப் பிறகு இளங்கலையில் புதிய மாணவரைச் சேர்ப்பதும் நின்றது. பெரும்பாலும் இரண்டாண்டு முதுகலை. என்ன படிக்கிறார்கள்? எலும்பும் தசையும் எவ்வாறு இயங்குகின்றன, எந்த மூட்டு எந்தப் பக்கம் முறுக்கினால் எது கிழியும், எந்த மருந்து என்ன செய்யும், அடிபட்ட மூளை காட்டும் அடையாளம் என்ன, ஆட முடியாமல் போனவன் மனம் என்ன பாடுபடும் — இத்தனையும்! ஏட்டோடு முடிவதில்லை. தேர்ந்தவர் கண்காணிப்பிலே திடலிலும் மருத்துவமனையிலும் நின்று பழக வேண்டும். குறைந்தது 4 வாரம் முழுநேரமாய் அதிலேயே மூழ்க வேண்டும். பிறகு தேர்வு. தேர்ந்த பின்னும் இரண்டாண்டுக்கு 50 அலகு தொடர்கல்வி. ஒருநாள் வாங்கிய பட்டத்தை மாட்டிவைத்து ஆயுள் முழுதும் அனுபவிக்க முடியாது!

'ஐஸ் கட்டி வைக்கவும் கட்டுப் போடவும் இத்தனை படிப்பா?' என்று கேட்கும் அறிவாளிகள் உண்டு. அவர்களுக்கு இரண்டு ஊர்களைக் காட்டுகிறோம்.

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஃபால்மத் என்றோர் ஊர். ஆகஸ்டு மாதந்தோறும் அங்கே ஓட்டப் பந்தயம். ஓட ஓட உடல் கொதித்து, அறிவு தடுமாறி, ஆள் சுருண்டு விழுவதுண்டு. வெப்பத் தாக்கு என்பது அதுதான். உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டி நிற்கும். நாக்கடியிலும் அக்குளிலும் வைத்த வெப்பமானி அப்போது பொய் சொல்லும். மலக்குடல் வழியே அளந்தால்தான் மெய் தெரியும். தெரிந்தவுடன் ஐஸ் நீர்த் தொட்டியில் கழுத்தளவு அமிழ்த்த வேண்டும். அரை மணிக்குள் வெப்பம் இறங்கினால் உயிர் நிற்கும். முதலில் குளிர்வி, பிறகே ஆஸ்பத்திரிக்கு அனுப்பு — இதுதான் பாடம். ஃபால்மத்தில் தொட்டி தயார்; கற்றவர்களும் தயார். 18 ஆண்டுப் பந்தயக் கணக்கை ஆய்வாளர் 2015-இல் வெளியிட்டனர். வெப்பத் தாக்குக்கு ஆளானவர் 274 பேர். மாண்டவர்? ஒருவர்கூட இல்லை!

இன்னோர் ஊர். மேரிலாந்து பல்கலைக்கழகம். 2018, மே 29. ஜோர்டன் மெக்நேர், வயது 19, கறுப்பினக் குடும்பத்துப் பிள்ளை. பயிற்சியில் ஓடவிட்டார்கள், ஓடினான். தள்ளாடினான். வெப்பத்தை அளந்தார்களா? இல்லை. தொட்டியில் அமிழ்த்தினார்களா? இல்லை. நேரம் ஓடியது. ஜூன் 13-இல் அந்த இளங்குருத்து கருகியது. ஆகஸ்டில் பல்கலைக்கழகத் தலைவரே, சட்டப்படியும் அறத்தின்படியும் பொறுப்பு எங்களுடையதே என்று ஒப்புக்கொண்டார்.

அங்கே மெய்க்காப்பாளர் இல்லையா? இருந்தனர்! இங்கேதான், தோழர்களே, நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பட்டம் இருந்தும் பயனில்லாமல் போகும் இடம் உண்டு. அக்டோபரில் அறிக்கை தந்த விசாரணைக் குழு, அந்தப் பந்தாட்டக் குழுவிலே ஆட்டக்காரர் பலர் வாய் திறக்க அஞ்சினர், அதனால் குறைகள் புரையோடின என்று எழுதியது. அச்சம்! ஆசானிடம் அச்சம், இடம் போய்விடுமென்ற அச்சம், உதவித்தொகை போய்விடுமென்ற அச்சம். எங்கே அச்சம் ஆட்சி செய்கிறதோ, அங்கே அறிவு கைகட்டி நிற்கும்!

மருத்துவரும் மெய்க்காப்பாளரும் எடுக்கும் முடிவை ஆசான் மறுக்கக்கூடாது என்று பெரிய ஐந்து பல்கலைக்கழகக் கூட்டமைப்புகளுக்கு 2016-லேயே விதி செய்துவிட்டார்கள். மேரிலாந்தும் அந்த ஐந்துக்குள் அடக்கம். விதி இருந்தது ஏட்டிலே. பிள்ளை கிடந்தான் திடலிலே! ஆகவே நாம் சொல்வது இதுதான்: படிப்பு வேண்டும், தேர்வு வேண்டும், அவற்றோடு 'நிறுத்து!' என்று சொல்லும் உரிமையும், சொன்னதற்காக வேலை போகாது என்ற உறுதியும் வேண்டும். ஆட்டத்தில் வென்றே தீர வேண்டும் என்பவனிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு, அவனையே எதிர்த்து நிறுத்தச் சொல் என்றால், எத்தனை பேருக்கு நெஞ்சுரம் வரும்? சம்பளக் கயிற்றை வேறு கையில் கொடுங்கள். சொல் தானே நிமிரும்!

இன்னொன்றும் கேட்கிறோம். முதுகலை என்றால் மேலும் கட்டணம், மேலும் கடன். தகுதி உயர்ந்தால் மதிப்பு உயரும், ஊதியமும் உயரும் என்கிறார்கள். உயரட்டும், வரவேற்கிறோம். கல்வி கூடாதென்று நாம் என்றைக்கும் சொன்னதில்லை. ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளை இரண்டாண்டுக் கட்டணத்துக்கு எங்கே போவான்? 2019-இல் வெளியான ஆய்வின்படி, அந்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மெய்க்காப்பாளரே இல்லை. அவை யார் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் என்று சொல்லவும் வேண்டுமோ? படிப்பை உயர்த்து; படிக்கட்டைப் பிடுங்காதே! பொதுப்பணத்திலே படிக்க வை. படித்தவனை ஏழைப் பள்ளிக்கு அனுப்பு!

'கடல் கடந்த நாட்டுப் பந்தாட்டக் கதை நமக்கெதற்கு?' என்பீர்கள். கேளுங்கள்: இந்தப் பட்டம் பெற்றவர்கள் அந்நாட்டிலே இன்று தொழிற்சாலையிலும் சரக்குக் கிடங்கிலும் தீயணைப்புப் படையிலும் இராணுவத்திலும் வேலை பார்க்கிறார்கள். மூட்டை தூக்கும் தோளும் பந்தெறியும் தோளும் ஒரே எலும்பு, ஒரே தசை என்று கண்டுகொண்டார்கள். நல்லது! ஆனால் அந்த வாசலிலும் நம் கேள்வி நிற்கிறது: ஆலைக்குள் நிற்கும் மெய்க்காப்பாளர் யாருக்கு ஆள்? தொழிலாளி முதுகைக் காக்கவா, முதலாளியின் இழப்பீட்டுக் கணக்கைக் குறைக்கவா? வலிக்கிறது என்றவனை மருத்துவரிடம் அனுப்புவாரா, தடவிக்கொடுத்து மீண்டும் இயந்திரத்தின் முன் நிறுத்துவாரா? திடலில் எழுந்த கேள்வியும் ஆலையில் எழும் கேள்வியும் ஒன்றே!

விழுந்தவனைக் கண்டு உச்சுக் கொட்டுவது இரக்கம். விழுந்தவன் உடலில் என்ன நடக்கிறது என்று அறிந்திருப்பது கல்வி. 'போதும், நிறுத்து!' என்று எவன் முகத்துக்கும் நேரே சொல்வது உரிமை. இரக்கம் மட்டும் இருந்தால் கண்ணீர் மிஞ்சும். கல்வி மட்டும் இருந்தால் சான்றிதழ் மிஞ்சும். மூன்றும் சேர்ந்தால்தான் ஆள் மிஞ்சுவான்!

சின்சினாட்டியில் அன்றிரவு ஆட்டம் நின்றது, ஆள் பிழைத்தார். எந்த ஆட்டமும், எந்த ஆலையும், ஓர் உயிருக்காக நின்றால் குடிமுழுகிப் போகாது. நிற்க மறுக்கும்போதுதான் குடும்பங்கள் மூழ்குகின்றன!