"அதைப் படிச்சு என்ன செய்யப்போறீங்கள்?"

எலிக்சர் என்றொரு மொழி படிக்கத் தொடங்கியிருக்கிறம் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வருவது இந்தக் கேள்விதான். கம்பஸ் அண்ணாமார் கேட்டார்கள். கொழும்பில் மென்பொருள் கொம்பனியில் வேலை செய்கிற அக்கா கேட்டா. கோர்ஸ் நடத்துகிற ஒருவர் கேட்கவே இல்லை, சிரித்தார். "ரியாக்ட் படியுங்கோ தம்பியவை, ஆறு மாசத்தில வேலை. உதெல்லாம் வெள்ளைக்காரப் பேராசிரியர்மாரின்ர விளையாட்டு."

மரியாதையாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதிவைக்கிறோம். எங்கள் வாதம் இதுதான்: வெப் செயலிகளைச் சார்பு மொழிகளில் எழுதுவது விளையாட்டு அல்ல. பல வேலைகளுக்கு அதுவே பொருத்தமான வழி. "சந்தையில் வேலை இல்லை" என்ற ஒற்றை வரியைச் சொல்லி இளம் ஆட்களை அந்தப் பக்கம் திரும்பவிடாமல் வைத்திருப்பது அவர்களுக்குச் செய்கிற அநியாயம்.

முதலில் நாங்கள் அடிபட்ட கதை.

ஊர் வாசிகசாலை ஒன்றுக்கு, இரவல் புத்தகங்களைப் பதிகிற சின்னச் செயலி ஒன்றை ஜாவாஸ்கிரிப்டில் செய்து குடுத்தோம். புத்தகம் வெளியில் போயிருந்தால் பேர் குடுத்துக் காத்திருக்கலாம். முதலில் பேர் குடுத்தவருக்கு முதலில். சில கிழமை சரியாகத்தான் ஓடியது. பிறகு பரீட்சைக் காலம் வந்தது. கடந்தகால வினாத்தாள் தொகுப்பு ஒன்றுக்கு ஒரே அடிபிடி. ஒரு பிள்ளை வந்து முறையிட்டா: "நான்தான் முதல் பேர் குடுத்தனான். எனக்குப் பிறகு வந்தவைக்கெல்லாம் கிடைச்சிட்டுது."

பதிவைத் திறந்து பார்த்தால் அந்தப் பிள்ளையின் பேர் கடைசியில் இருக்கிறது. பிள்ளைதான் பொய் சொல்லுது என்று அங்கே முடிவெடுத்தார்கள். நாங்களும் தலையாட்டினோம். கொம்பியூட்டர் பொய் சொல்லாதுதானே.

பொய் சொன்னது எங்கள் செயலிதான். கண்டுபிடிக்க இரண்டு இரவு போனது. காத்திருப்போரின் பேர்களை அகர வரிசையில் காட்டச் சொல்லி ஒரு பக்கம் கேட்டிருந்தார்கள். அதற்கு நாங்கள் பட்டியலை 'சோர்ட்' பண்ணினோம். ஜாவாஸ்கிரிப்டில் சோர்ட் என்பது ஒழுங்குபடுத்திய பிரதி ஒன்றைத் தருவதில்லை. இருக்கிற பட்டியலையே பிடித்து மாற்றிவிடும். யாராவது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாலே போதும், முதலில் வந்தவருக்கு முதலில் என்ற வரிசை குலைந்து 'அ'வில் பேர் தொடங்குகிறவர் முன்னுக்கு வந்துவிடுவார். முறையிட்ட பிள்ளையின் பேர் 'வ'வில் தொடங்குகிறது.

"நீங்கள் கவனமா எழுதியிருக்கவேணும்" என்று சொல்வீர்கள். ஓம், எழுதியிருக்கவேணும். பிழை எங்களுடையது. ஆனால் கவனமாக இரு என்பது அறிவுரை மட்டும்தான். பார்ப்பதற்காகத் திறந்த ஒரு பக்கம், வேறெங்கோ இருக்கிற உண்மையை மாற்றிவிடலாம் என்று அனுமதிப்பது மொழியின் வடிவமைப்பு. 1995இல் வந்த அந்த மொழியில், பட்டியலைத் தொடாமல் ஒழுங்குபடுத்திய புதுப் பட்டியலைத் தருகிற வசதி 2023ஆம் ஆண்டுத் தரநிலையில்தான் சேர்ந்தது. அதுவரை முதலில் பிரதி எடு, பிறகு ஒழுங்குபடுத்து என்பதை ஆளாள் தனித்தனியாக அடிபட்டுத்தான் படித்தார்கள்.

சார்பு மொழிகள் இந்த இடத்தில்தான் வேறுபடுகின்றன. சார்பு என்ற சொல் இணைந்த கணிதம் படித்தவர்களுக்குப் புதிதல்ல. ஒரு பெறுமானத்தைக் கொடுத்தால் ஒரு பெறுமானம் வரும். அதே பெறுமானத்தை நாளைக்குக் கொடுத்தாலும் அதே விடைதான் வரும். கொடுத்த பெறுமானத்துக்கு எதுவும் நடக்காது. 2ஐ ஒரு சார்புக்குள் போட்டதால் உலகத்திலுள்ள மற்ற 2கள் எல்லாம் 3 ஆகிவிடுமா? கணிதத்தில் ஆகாது. நாங்கள் எழுதிய செயலியில் ஆகியது.

முதன்முதலில் நிரலாக்கம் படிக்கும்போது 'எக்ஸ் = எக்ஸ் + 1' என்று பலகையில் எழுதியதைப் பார்த்து முழித்தது நினைவிருக்கிறதா? கணித வகுப்பில் அது அபத்தம். இங்கே அது சரி என்று பழக்கிவிட்டார்கள். எர்லாங் மொழியில் ஏற்கனவே பெறுமானம் உள்ள எக்ஸுக்கு அப்படி எழுதினால் பிழை என்று நின்றுவிடும். எங்களுக்கு முழி பிதுங்கியது நியாயம்தான் என்று ஒத்துக்கொள்கிற மொழிகளும் உலகத்தில் இருக்கின்றன.

இதற்கும் வெப்புக்கும் என்ன தொடர்பு? உலாவி ஒரு கோரிக்கையை அனுப்புகிறது. சேர்வர் ஒரு பதிலை அனுப்புகிறது. கோரிக்கை உள்ளே, பதில் வெளியே: இதுவே ஒரு சார்புதான். எலிக்சரில் வெப் செயலி செய்கிற பீனிக்ஸ் என்ற சட்டகம் இதை அப்படியே எடுத்துக்கொள்கிறது. வந்த கோரிக்கை ஒரு பெறுமானம். அது 'பிளக்' எனப்படும் சின்னச் சின்னச் சார்புகளின் வரிசை வழியாகப் போகிறது. ஒன்று ஆள் உள்நுழைந்தவரா என்று பார்த்துக் குறித்துவிட்டுக் கொடுக்கும். அடுத்தது மொழி தமிழா சிங்களமா என்று குறிக்கும். கடைசியில் பதில் வரும். எந்தச் சார்பும் மற்றதின் பெட்டிக்குள் கைவிடாது. ஒன்று பிழைத்தால் அதை மட்டும் தனியே எடுத்து, இந்த உள்ளீட்டுக்கு இந்த விடை வருகிறதா என்று சோதிக்கலாம். தரவுத்தளத்தில் எழுதுகிற வேலை இல்லாமல் போய்விடாது. ஆனால் மாற்றம் நடக்கிற இடம் எது என்று கைநீட்டிக் காட்டலாம். எங்களை இரண்டு இரவு தேடவைத்தது அந்த இடம்தானே.

"சரி, ஆனா உண்மையான கொம்பனி எவன் பாவிக்கிறான்?" இது அடுத்த கேள்வி.

1995இல் போல் கிரஹமும் றொபேர்ட் மொரிஸும் வயாவெப் என்ற செயலியைத் தொடங்கினார்கள். உலாவி வழியாகவே இணையக் கடை கட்டுகிற செயலி. வெப் செயலி என்ற சொல்லே பலருக்குத் தெரியாத காலம். அதை அவர்கள் எழுதியது, 1958இல் ஜோன் மக்கார்த்தி தொடக்கிவைத்த லிஸ்ப் குடும்பத்து மொழியில். லிஸ்ப் சுத்தமான சார்பு மொழி அல்ல. ஆனால் சார்பைச் சாதாரணப் பெறுமானம் போலக் கையில் எடுத்துக் கொடுக்கல் வாங்கல் செய்கிற பழக்கம் அங்கேயிருந்துதான் வருகிறது. 1998இல் யாஹூ அதை வாங்கியது. பிறகு சி++, பேர்ள் மொழிகளில் திருப்பி எழுதியது. இதைச் சிலர் "பாத்தீங்களா, தூக்கிப்போட்டிட்டாங்கள்" என்று சொல்வார்கள். ஒரு சின்னக் குழு பெரிய கொம்பனி வாங்குகிற அளவுக்கு ஒன்றைக் கட்டியெழுப்பியது எந்த மொழியில் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

எர்லாங்கின் கதை இன்னும் நல்லது. சுவீடனின் எரிக்சன் கொம்பனியில் ஜோ ஆம்ஸ்ட்ரோங்கும் கூட்டாளிகளும் 1986இல் தொடங்கிய மொழி. தொலைபேசி இணைப்பகங்களுக்காகச் செய்தது. ஒரு அழைப்பு அறுந்தால் மற்ற அழைப்புகள் அறுபடக்கூடாது. அதனால் ஒவ்வொரு வேலையும் தனிச் செயன்முறை. ஒவ்வொன்றுக்கும் தன் தன் நினைவகம். மற்றதோடு கதைக்க வேண்டுமென்றால் செய்தி அனுப்பலாம், அவ்வளவுதான். ஒன்று விழுந்தால் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற மேற்பார்வைச் செயன்முறை திருப்பி எழுப்பிவிடும். 1998இல் என்ன நடந்தது தெரியுமா? புதிய உற்பத்திகளுக்கு எர்லாங் வேண்டாம் என்று எரிக்சனின் வானொலிப் பிரிவு தடை போட்டது. மொழி உருவாக்குவது எங்கள் வேலை அல்ல, உலகம் பாவிப்பதை வாங்கிப் பாவிப்போம் என்பதே நிர்வாகத்தின் எண்ணம். கோர்ஸ் நடத்துகிறவர் எங்களுக்குச் சொன்ன அதே நியாயம். அந்த வருசமே மொழி திறந்த மூலமாக வெளியே வந்தது.

வெளியே வந்த எர்லாங்கில்தான் வட்ஸ்அப்பின் சேர்வர் பக்கத்தைக் கட்டினார்கள். 2012இன் தொடக்கத்தில் ஒற்றைச் சேர்வரில் 20 இலட்சம் இணைப்புகளைத் தாங்கிக் காட்டினார்கள். 2014இல் பேஸ்புக் 19 பில்லியன் டொலருக்கு அதை வாங்க அறிவித்தபோது பாவனையாளர்கள் 45 கோடி. பொறியியலாளர்கள் 32 பேர். எல்லாப் புகழும் மொழிக்கே என்று சொல்லவரவில்லை. கெட்டிக்காரர்கள், அளவாகச் செய்தார்கள். ஆனால் "எவன் பாவிக்கிறான்" என்று எங்களிடம் கேட்ட அண்ணா அந்தக் கேள்வியை அனுப்பியது வட்ஸ்அப்பில்.

எர்லாங்கின் அதே இயந்திரத்துக்கு மேலே ஓடுகிறதுதான் எலிக்சர். 2011இல் அதைத் தொடங்கிய ஜோசே வலிம் பிரேசிலைச் சேர்ந்தவர். லூவா என்ற மொழியும் அந்த நாட்டின் பல்கலைக்கழகம் ஒன்றில் 1993இல் பிறந்ததுதான். மொழி செய்வது அமெரிக்காவின் வேலை, பாவிப்பது எங்கள் வேலை என்று பிரேசில்காரர்கள் ஒத்துக்கொண்டிருந்தால் இரண்டும் வந்திராது.

இடையில் ஒரு சின்ன விசயம். 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று. ஜாவாஸ்கிரிப்டிடம் நீளம் கேட்டால் 5 என்று சொல்லும். பைதனும் 5. எலிக்சர் 3 என்று சொல்லும். இது சார்பு மொழி என்றதால் வந்த குணமல்ல, செய்தவர்கள் யூனிகோட்டை ஒழுங்காகப் பார்த்ததால் வந்தது. ஆனாலும் முதல்முறை அந்த 3ஐத் திரையில் பார்த்தபோது எங்களுக்குச் சந்தோசமாக இருந்தது.

இனி ரியாக்டுக்கு வருவோம். ரியாக்ட் படி என்று சொல்கிறவர்களோடு எங்களுக்குச் சண்டை இல்லை, நாங்களும் படித்தோம். ஆனால் ரியாக்ட் எங்கேயிருந்து வந்தது? பேஸ்புக்கில் ஜோர்டன் வோக் அதன் முதல் மாதிரியை எழுதியது ஸ்டாண்டர்ட் எம்எல் என்ற சார்பு மொழியில். ரியாக்டோடு சேர்த்துப் படிப்பிக்கிற ரீடக்ஸுக்குத் தூண்டுதல்களில் ஒன்று எல்ம், அதுவும் சார்பு மொழி. "ஸ்டேற்றை நேரடியா மாத்தாதேங்கோ, புதுசா ஒண்டு செய்து குடுங்கோ" என்று கோர்ஸில் நூறுதரம் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால் "அப்பிடித்தான் செய்யவேணும்". அந்த ஏனுக்கான விடை சார்பு மொழிகளில் இருக்கிறது. விடையை மறைத்துவிட்டு விதியை மட்டும் பாடமாக்கக் குடுப்பதை எங்கட ரியூசன் கொட்டில்கள் எல்லாப் பாடத்திலும் செய்கின்றன. இதிலும் அதேதான்.

எதிர்ப்பக்கத்தின் நியாயங்களையும் சொல்லவேணும்.

வேலை குறைவு என்பது உண்மை. எலிக்சருக்கோ ஹஸ்கெலுக்கோ இலங்கையில் விளம்பரம் தேடினால் களைத்துப்போவீர்கள். வீட்டில் கடன் இருக்கிறவர், அடுத்த மாதம் சம்பளம் தேவையானவர், முதலில் ரியாக்டோ பிஎச்பியோ படித்து வேலை எடுக்கட்டும். அவரைக் குறைசொல்ல எங்களுக்கு உரிமையில்லை. ஆயத்தமாக எடுத்துப் பாவிக்கக்கூடிய நிரல்களும் ஜாவாஸ்கிரிப்டில் போலக் குவிந்து கிடக்காது. எல்ம் மொழி 2019க்குப் பிறகு பெரிதாக நகரவில்லை. அதை நம்பி இறங்கியவர்களுக்கு அது கஷ்டம். பீனிக்ஸின் 'லைவ்வியூ', அழுத்துகிற ஒவ்வொரு பொத்தானுக்கும் சேர்வரிடம் போய்வரும். சிக்னல் விட்டுவிட்டு வருகிற ஊரில் அது எரிச்சலூட்டும். வாசிகசாலையிலேயே அனுபவித்தோம்.

இன்னொரு குற்றவாளியும் உண்டு: சார்பு நிரலாக்கக்காரர்களே. புதிதாக வருகிறவரிடம் முதல் நாளே 'மொனாட்' என்று தொடங்கி, விளங்கவில்லை என்றால் உனக்கு மூளை காணாது என்ற மாதிரி ஒரு பார்வை பார்க்கிறவர்கள். சாதித் திமிருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எங்களுக்குத் தெரியவில்லை. எங்கட பிள்ளைகளை இந்தப் பக்கம் வரவிடாமல் செய்ததில் அவர்களுக்கும் பங்குண்டு.

ஆனால் இவற்றில் எதுவும் "படிக்காதே" என்பதற்குக் காரணமாகாது. உயர்தரத்தில் பைதன் இருக்கிறது, பிஎச்பி இருக்கிறது. இருக்கட்டும். அதற்கு மேலே இன்னொரு விதமாக யோசிக்கலாம் என்று ஒரு கிழமை, ஒரேயொரு கிழமை, காட்டினால் என்ன குறைந்துபோகும்? சந்தை கேட்பதை மட்டும் படித்தவர், சந்தை மாறும்போது அடுத்த கோர்ஸுக்குக் காசு கட்டவேணும். எங்கோ யாரோ முடிவெடுத்த கருவியை, ஏன் என்று தெரியாமல், சொன்னபடி பாவிக்கிற கைகளாக எங்களை வைத்திருப்பது யாருக்கு லாபம் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

வாசிகசாலைச் செயலியை எலிக்சரில் திருப்பி எழுதினோம். மூன்று மாதம் எடுத்தது. முதல் மாதம் முழுக்கப் புலம்பல். காத்திருப்போர் பட்டியலை இப்போது யாரும் எத்தனை விதமாகவும் ஒழுங்குபடுத்திப் பார்க்கலாம். அசல் வரிசை அப்படியே கிடக்கும். முறையிட்ட பிள்ளையைத் தேடிப்போய், பிழை எங்களுடையதுதான் என்று வாசிகசாலை ஆட்களுக்கு முன்னாலேயே சொன்னோம். தொகுப்பு கைக்கு வந்தபோது பரீட்சை முடிந்திருந்தது.

அதைப் படிச்சு என்ன செய்யப்போறீங்கள் என்று கேட்டவர்களுக்கு இப்போதைக்கு இதுதான் பதில். பாடக் குறிப்புகளைத் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கிறம். சேர விரும்புகிறவர்கள் சேருங்கோ. மறுக்க விரும்புகிறவர்கள் எழுதி அனுப்புங்கோ, அதையும் இங்கேயே போடுவம்.