வாடகை மண்ணில் வளரும் வணிகம்

சமூக ஊடகத்தில் இல்லாவிட்டால் வணிகமே இல்லை என்ற அறிவுரை, சிறுதொழில் முனைவோர் கூடும் இடங்களிலெல்லாம் இப்போது ஒலிக்கிறது. என்னிடம் பயின்று இன்று தொழில் நடத்தும் சிலர், மாதந்தோறும் அங்கே எவ்வளவு செலவிடலாம் என்று கேட்கிறார்கள். தொகையை முடிவு செய்வதற்கு முன்பு ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்: அங்கே நாம் ஈட்டுவதில் எது நமக்குச் சொந்தம்?

2018 ஜனவரியில் ஃபேஸ்புக், நிறுவனங்களின் பதிவுகளைவிட நண்பர்கள், உறவினர்களின் பதிவுகளுக்கு முன்னுரிமை அளிக்கப்போவதாக அறிவித்தது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்ஆப் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. காரணங்கள் வெவ்வேறு, ஆனால், மூன்றிலும் இழப்பைச் சுமந்தவர்களில் அந்தத் தளங்களை மட்டுமே நம்பியிருந்த சிறு வணிகர்களும் உண்டு. ஆயிரக்கணக்கில் பின்தொடர்வோர் இருக்கலாம்; அவர்களை இன்னொரு தளத்துக்கு அழைத்துச் செல்லும் உரிமை வணிகருக்கு இல்லை. வாடகை நிலத்தில் கட்டிய கடையின் நிலைதான் இது.

வாடகையும் நிலையானதல்ல. தகவல் பெருகப் பெருக மனிதரின் கவனம் அரிதாகும் என்று பொருளாதார அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1971-இலேயே விளக்கினார். அந்த அரிய பொருளைத்தான் இத்தளங்கள் ஏல முறையில் விற்கின்றன. தீபாவளிக்கு முன்பு துணிக்கடைகள் அனைத்தும் ஒரே வாடிக்கையாளரின் கவனத்துக்குப் போட்டியிட்டால் விளம்பர விலை உயரும். அந்தப் போட்டியில் பெருநிறுவனங்களின் பணபலத்துக்கு எதிரே சிறு கடை நெடுநாள் தாக்குப்பிடிக்காது.

ஆகவே ஒதுங்கிவிடலாம் என்பது என் வாதமன்று. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலைமிட்டாய், பல நாள் கெடாமல் இருக்கும், அஞ்சலில் அனுப்பலாம், வாங்கக்கூடியவர்கள் பல ஊர்களில் பரவியிருக்கிறார்கள். அவர்களைக் குறைந்த செலவில் சென்றடைய சமூக ஊடகம் நல்ல வழி. இடைத்தரகரைச் சார்ந்திருக்கும் கைத்தறி நெசவாளருக்கும் இது பொருந்தும். ஆனால், கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு உதிரிபாகம் செய்பவரின் வாடிக்கையாளர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில தொழிற்சாலைகளே. தரமும் சொன்ன நாளில் சரக்கு போய்ச் சேருவதும்தான் அவருக்கு விளம்பரம். வாங்குபவர் எங்கே இருக்கிறார், எதைப் பார்த்து முடிவெடுக்கிறார் என்பதே முதல் அளவுகோல்.

இரண்டாவது, கணக்கு. விருப்பக்குறிகளின் எண்ணிக்கை வருமானம் அல்ல. மீண்டும் வந்து வாங்கியவர்கள் எத்தனை பேர் என்பதைப் பார்க்க வேண்டும். காணொளி எடுக்க உரிமையாளர் செலவிடும் நேரத்தையும் செலவாக எழுத வேண்டும். அந்த நேரத்தில் அவர் பட்டறையையோ கல்லாவையோ கவனித்திருக்கலாம்.

மூன்றாவது, சொந்தமாக எதையேனும் சேர்த்து வைத்தல். வாங்கியவரின் ஒப்புதலுடன் தொலைபேசி எண்ணையும் முகவரியையும் தம் பதிவேட்டில் வைத்திருப்பவர், தளம் மூடினாலும் தொழிலை மூட வேண்டியதில்லை. இந்தத் தரவைப் பொறுப்புடன் கையாள வேண்டும் என்பதை 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வலியுறுத்துகிறது.

நான்காவது, நாணயம். பணம் கொடுத்துச் சொல்லவைக்கும் புகழுரையை விளம்பரம் என்று அறிவிக்காமல் வெளியிடுவது நுகர்வோரை ஏமாற்றுவதாகும். தவறான விளம்பரத்துக்கு ரூ.10 லட்சம் வரை அபராதம் விதிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இடமளிக்கிறது. சிறு நிறுவனம் ஒன்றின் பல ஆண்டுச் சேமிப்பு அதில் கரைந்துவிடக்கூடும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் முன்னோர். சமூக ஊடகம் பெருவெள்ளம் ஓடும் ஆறு. அதில் இறங்கும் வணிகர் முதலில் அளக்க வேண்டியது, அது ஒருநாள் வற்றினாலும் தம் கையில் என்ன மிஞ்சும் என்பதைத்தான்.