லாரியைப் பிடிச்சாச்சு... நம்ம வீட்டு வாளி?

களியக்காவிளை சோதனைச் சாவடியில் கேரளக் கழிவு லாரி பிடிபட்டது என்ற செய்தியை எத்தனை முறை படித்திருப்போம்! 2024 டிசம்பரில் நெல்லை நடுக்கல்லூர் பகுதியில் கொட்டிய மருத்துவக் கழிவை, பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகுதான் கேரளம் லாரி அனுப்பி அள்ளிச் சென்றது. நம்ம கோபம் நியாயம்தான்.

ஆனா, நம்ம அடுக்களை வாளியில் என்ன கிடக்கு? மீன் செதிலும் பால் கவரும் ஒண்ணாக் கிடந்தா இரண்டுமே வீண். கலந்த குப்பையை யாரும் எடுக்க மாட்டாங்க. கடைசியில் அது ஏதோ ஓடைக்கரைக்குத்தான் போகும். 2016 திடக்கழிவு விதிகளே பிரித்துக் கொடுக்கச் சொல்லியிருந்தன. பால் கவரைக் கழுவிக் காயவைத்து, தனியாகச் சேர்த்துக் கொடுக்கலாம். மீன் கழிவைத் தென்னை மூட்டில் புதைத்தால் உரம். ஆழமா மூடுங்க, இல்லன்னா நாய் கிளறிடும்!

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், கேரளத்தில் 2020 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தடை. தமிழ்நாட்டின் தடையில் பால் கவருக்கு விலக்கு உண்டு. மீன் வாங்கும் கைப்பைக்கு இல்லை. முன்பு அதற்கு ஓலைப்பெட்டி இருந்தது. இப்போ ஒரு தூக்குவாளி போதும்.