‘ஒரு சின்ன சேஞ்ச்தான் தம்பி!’ - ஃப்ரீலான்ஸ் டிசைனர்கள் பணத்தைக் கோட்டைவிடுவது எங்கே?

“தம்பி, லோகோ சூப்பரா இருக்கு. ஒரு சின்ன சேஞ்ச் மட்டும்... அந்தச் சிவப்பைக் கொஞ்சம் மாத்திடுங்க.”

இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும் இந்த மெசேஜ், வீட்டிலிருந்தே டிசைன் வேலை பார்ப்பவர்களுக்கு நன்றாகவே பழக்கம். ஒன்பதாவது ‘சின்ன சேஞ்ச்’ முடிந்து ஃபைலை அனுப்பிவிட்டுப் பணம் கேட்டால், இரண்டு நீல டிக் மட்டும்தான் பதில். “பேசாம ஒரு கம்பெனியில சேர்ந்திருக்கலாம்ல?” என்று அம்மா ஆரம்பிப்பதும் அப்போதுதான்.

கல்யாணப் பத்திரிகை, ஆடித் தள்ளுபடி போஸ்டர், மசாலா பாக்கெட் லேபிள், யூடியூப் தம்ப்நெயில் என்று வேலைக்குப் பஞ்சமில்லை. பலரும் சறுக்குவது கணக்கில்தான்.

ரேட் எப்படிச் சொல்வது?

‘பக்கத்துக் கடையில 500 ரூபாதான்’ என்பதைக் கேட்டு ரேட் வைக்கக் கூடாது. உதாரணமாக, உங்கள் மாதத் தேவை 30,000 ரூபாய். சாஃப்ட்வேர் சந்தா, இன்டர்நெட், கரன்ட், லேப்டாப் ரிப்பேருக்கு 6,000. மொத்தம் 36,000. ஆள் பிடிப்பது, பேசுவது, பணம் கேட்பது போக, மாதத்தில் கூலி கிடைக்கும் நாள்கள் 15 என்று வையுங்கள். ஒரு நாளுக்கு 2,400 ரூபாய். மூன்று நாள் பிடிக்கும் லோகோவுக்கு 7,200 ரூபாய். இதற்குக் கீழே இறங்கினால், வீட்டுக் காசைப் போட்டு அடுத்தவர் கடைக்கு டிசைன் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

தொடங்கும் முன் ஒரு மெசேஜ்

பெரிய ஒப்பந்தப் பத்திரம் தேவையில்லை. என்ன வேலை, எத்தனை நாள், எவ்வளவு பணம், எத்தனை திருத்தம் இலவசம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு... இவற்றை எழுதி அனுப்பி, ‘ஓகே’ வாங்குங்கள். பாதிப் பணம் அட்வான்ஸ். மீதி வந்த பிறகே ஒரிஜினல் ஃபைல். அதுவரை வாட்டர்மார்க் போட்ட படம் போதும். சொந்தக்காரர் என்றாலும் இதே விதிதான். மாமாவிடம் கூச்சப்பட்டு விட்ட பணம் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை!

அச்சுக்குப் போகும் முன்...

மொபைலில் பளிச்சென்று தெரியும் நிறம் அச்சில் மங்கும். திரை ஆர்.ஜி.பி, அச்சு சி.எம்.ஒய்.கே. பத்திரிகை, லேபிள் வேலைகளில் 300 டி.பி.ஐ, சுற்றிலும் 3 மில்லிமீட்டர் பிளீட் வைப்பது வழக்கம். ஃபான்ட்டிலும் கவனம். இணையத்தில் கிடைப்பதெல்லாம் வியாபாரத்துக்கு இலவசம் அல்ல. கூகுள் ஃபான்ட்ஸில் உள்ள முக்த மலர், கேட்டமரான் போன்ற தமிழ் எழுத்துருக்களைத் தைரியமாகப் பயன்படுத்தலாம். பெயர், தேதி, போன் நம்பரை வாடிக்கையாளரே படித்து, ‘சரி’ என்று எழுத்தில் அனுப்பட்டும். முகூர்த்த நேரம் தப்பாக அச்சானால், பழி உங்கள் மேல்தான் விழும்.

பணம் வரவில்லையா?

மத்திய அரசின் உத்யம் தளத்தில் ஆதார், பான் எண் வைத்து இலவசமாகப் பதிவு செய்யலாம். இப்படிப் பதிவு செய்த சிறு தொழில்முனைவோருக்கு, 2006-ம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ சட்டப்படி, எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள்களிலும், இல்லாவிட்டால் 15 நாள்களிலும் பணம் தர வேண்டும். தாமதித்தால் கூட்டு வட்டி கேட்டுப் புகார் செய்யலாம். வேலையை எடுக்கும் முன்பே பதிவு செய்துவிடுவது பாதுகாப்பு.

நிறுவனங்கள் டி.டி.எஸ் பிடித்தம் செய்தால் பதற வேண்டாம். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால், கட்ட வேண்டிய வரி போக மீதி திரும்ப வரும். அந்தக் கணக்கு, நாளை வங்கியில் கடன் கேட்கும்போது உங்கள் சம்பளச் சீட்டாகவும் உதவும்.

இன்று இரவு 11 மணிக்கு மறுபடி அந்த மெசேஜ் வரலாம். “கண்டிப்பா மாத்திடலாம் அண்ணே, இது நாலாவது திருத்தம், 300 ரூபாய்” என்று பணிவாகவே பதில் போடுங்கள். பாதி ‘சின்ன சேஞ்ச்’கள் அங்கேயே நின்றுவிடும்!