கூறைச் சாரியும் கடைக்காரன் சொல்லும்

ஆவணி பிறந்தால் யாழ்ப்பாணத்துப் புடவைக் கடைக்காரனுக்குச் சாப்பிட நேரமிருக்காது என்பார்கள். அது ஒரு காலம். இப்போது ஆவணிக் கலியாணத்துக்குக் கூறை எடுப்பவர்கள் ஆனியிலேயே பலாலியில் விமானம் ஏறிவிடுகிறார்கள். பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாவால் நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் வந்துவிட்டது. கொழும்புக்கு பஸ்ஸில் ஓர் இரவு போகிறது. சென்னைக்கு ஒன்றரை மணித்தியாலம்கூட இல்லை.

நமது வர்த்தகச் சகோதரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் இதே பேச்சுத்தான். 'அவர்கள் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருகிறார்கள், நாம் இறக்குமதி வரியும் கட்டி அதற்கு மேல் 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம் வற் வரியும் சுமக்கிறோம்' என்பார்கள். இதில் நியாயம் இல்லாமலில்லை. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் பாய்ந்தபோது கையிருப்பை விற்ற காசில் பாதிச் சரக்குக்கூட மீண்டும் வாங்க முடியாமல் போன கதை எனக்கும் உண்டு. ஆனால் வாடிக்கையாளர் கடல் கடப்பதற்கு வரி மட்டுமா காரணம்? சென்னையில் என்ன பெயரில் வாங்குகிறோமோ அதே பொருள்தான் கைக்கு வருகிறது என்று அவர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு சரி என்பது வேறு விடயம். நம்மிடம் அந்த நம்பிக்கை ஏன் குறைந்தது என்பதுதான் என் கேள்வி.

என் கதையையே சொல்கிறேன். 2009 இல் ஏ-9 பாதை திறந்த பிறகு கலியாணங்கள் குவிந்தன. வெளிநாட்டிலிருந்து உறவுகள் வந்தன. ஒரு நாள் சாவகச்சேரிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் மகனுக்குப் பெண் பேசி முடித்துவிட்டுக் கூறை எடுக்க வந்தார். இந்துக் கலியாணத்தில் கூறை மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக் கொடுப்பது. மணவறையில் அதைப் பெற்று உடுத்திக்கொண்டு வந்த பிறகே தாலி ஏறும். நம் வீடுகளிலும் மாப்பிள்ளை வீட்டுச் சாரி என்ற வழக்கம் இருப்பதால் அந்தத் தாயின் பதற்றம் எனக்கு விளங்கியது. அரக்குச் சிவப்பில் அகலக் கரை வைத்த ஒரு சாரியைப் பிடித்துக்கொண்டு, "நானா, இது அசல் சரிகையோ?" என்று கேட்டார். "அசல்தான் அக்கா" என்றேன். புறக்கோட்டை மொத்த வியாபாரி என்னிடம் அப்படித்தான் சொல்லித் தந்தார். விலையும் அப்படித்தான் போட்டார். நான் சோதித்துப் பார்க்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து அதே சாரியோடு வந்தார். கரை முழுவதும் கறுத்துப் போயிருந்தது. சத்தம் போடவில்லை. "மருமகளுக்கு முன்னால தலை குனிஞ்சு போனன். நீங்கள் தெரிஞ்சு தந்தனீங்களோ, தெரியாமல் தந்தனீங்களோ, அதை மட்டும் சொல்லுங்கோ நானா" என்றார். தலைப்பிலிருந்து ஒரு சரிகை இழையை உருவி நகத்தால் சுரண்டினேன். செம்புதான் தெரிந்தது. வித்தியாசப் பணத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். இளைய மகனுக்கு என் கடையில் கூறை எடுக்கவில்லை. மொத்த வியாபாரியைக் கேட்டபோது தனக்கும் இந்தியாவில் அப்படிச் சொல்லித்தான் தந்தார்கள் என்றார். அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். அந்தத் தாய்க்கு அதனால் என்ன?

அன்றைக்குப் பிறகுதான் என் தொழிலையே ஒழுங்காகப் படித்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் இட்டது. சுரண்டினால் உள்ளே பட்டு நூல், பெரும்பாலும் சிவப்பாக, தெரியும். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06 இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது வகுத்த அளவுப்படி சரிகையில் வெள்ளி 57 வீதமும் தங்கம் 0.6 வீதமும் இருக்க வேண்டும். செப்புக் கம்பிக்கு வெள்ளி முலாம் பூசியது இரண்டாந்தரம். பிளாஸ்டிக் தாளை நறுக்கிச் செய்த சரிகை மூன்றாந்தரம். அது கறுக்காது, வெள்ளியும் இருக்காது. துணி பட்டுத்தானா என்று பார்க்க ஓரத்து நூல் ஒன்றைக் கொளுத்தினால் போதும். பட்டு என்றால் மயிர் கருகும் மணம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பொலியெஸ்டர் உருகி மணியாகிவிடும். இந்தியாவில் 2004 முதல் 'சில்க் மார்க்' முத்திரை இருக்கிறது. அது பட்டுக்குத்தான் சாட்சி, சரிகைக்கு அல்ல. இந்த வேறுபாடு நம் விற்பனைப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வெள்ளி, தங்க விலைகள் 2025 இல் ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு அசல் சரிகைச் சாரி நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாததாகிவிட்டது. ஆகவே போலிச் சரிகை விற்பதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. அதுவும் அழகான பொருள்தான், தேவையானவர்கள் இருக்கிறார்கள். பெயர் மாற்றி விற்பதுதான் குற்றம். தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்டுபிடித்த நபிகளாரின் சம்பவத்தை நாமெல்லாம் ஜும்ஆவில் கேட்டவர்கள்தானே.

இப்போது என் பற்றுச்சீட்டில் இரண்டு வரி எழுதுகிறேன்: துணி என்ன, சரிகை என்ன. இதனால் நட்டமும் உண்டு. 'இது போலிச் சரிகை' என்று நான் சொன்னதும் எழுந்து போய், அதே சாரியை அசல் என்று சொல்லும் கடையில் கூடுதல் விலைக்கு வாங்கியவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை ஒரு கடை மட்டும் செய்து பயனில்லை என்கிறேன். நவீன சந்தையிலும் பெரிய கடையிலும் உள்ள சங்கங்கள் கூடிப் பேசி எல்லாருடைய பற்றுச்சீட்டிலும் இந்த இரண்டு வரியைக் கொண்டுவர வேண்டும்.

சென்னைக் கடைக்கு இல்லாத வசதியும் நம்மிடம் இருக்கிறது. மின்விளக்கில் அரக்காகத் தெரிந்த நிறம் வெயிலில் வேறு நிறம் காட்டும். நான் சாரியை வாசலுக்குக் கொண்டுபோய் விரித்துக் காட்டுகிறேன். வேண்டுமென்றால் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெரியவர்களிடம் காட்டிவிட்டு மூன்று நாளில் மாற்றிக்கொள்ளலாம். கடல் தாண்டி எடுத்ததை மாற்ற யார் திரும்பிப் போவார்கள்? 'விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது' என்ற பலகையைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஆட்கள் சென்னைக்குப் போகிறார்கள் என்று நாம் அழுகிறோம்.

1990 ஒக்டோபர் 30 அன்று புலிகள் எங்களைச் சில மணி நேரத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றியபோது வாப்பாவின் கடையும் கடன் கொப்பியும் அப்படியே கிடந்தன. 2002 இல் பாதை திறந்து பார்க்க வந்த எங்களிடம் முதலில் பேசியவர் ஒரு பழைய வாடிக்கையாளர். தன் கலியாணத்துச் சாரி இன்னும் அலுமாரியில் இருக்கிறது, கரை கறுக்கவில்லை என்றார். வாப்பா அப்போது உயிரோடு இருந்தார். எந்த வருடம் வாங்கியது என்று மட்டும் கேட்டார்.