ஆறு தோட்டாக் கணக்கு



போன வாரம் என்னிடம் படித்த தம்பி ஒருவர், தாம் பார்த்த கிரைம் படத்தில் எந்தக் காட்சியில் யார் கையில் என்ன துப்பாக்கி என்று நீளமாகப் பட்டியல் போட்டிருந்தார். கீழே எங்கள் உறவுப் பெண் ஒருத்தி, "இதுக்குத்தான் டீச்சர் உங்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாங்களா?" என்று கேட்டிருந்தாள். அவர்கள் இருவரும் பேசி முடித்துவிட்டார்கள். என்னால்தான் சும்மா இருக்க முடியவில்லை.

நான் தம்பி கட்சி. ஆனால் பாதிக் கட்சிதான். பெயர் சொல்வதோடு நிறுத்திக்கொண்டால், அது கார் விளம்பரத்தை மனப்பாடம் செய்வது மாதிரி. படத்தில் வாயால் சொல்லும் துப்பாக்கியும் கையில் தெரியும் துப்பாக்கியும் ஒன்றுதானா, அதில் எத்தனை தோட்டா பிடிக்கும், அது எந்தக் காலத்தது என்று கேட்க ஆரம்பித்தால் அது படிப்பு. ஒரே ஒரு படத்தை வைத்துச் சொல்கிறேன். 1962இல் வந்த 'டாக்டர் நோ'. முதல் ஜேம்ஸ் பாண்ட் படம். டெரன்ஸ் யங் இயக்கியது, ஷான் கானரி நடித்தது.

அதில் பேராசிரியர் டென்ட் என்று ஒரு கெட்ட ஆள். ஜமைக்காவில் ஒரு வீடு, ராத்திரி நேரம். பாண்ட் கட்டிலில் தூங்குகிறான் என்று நினைத்து, சைலன்ஸர் மாட்டிய துப்பாக்கியால் படுக்கையில் ஆறு முறை சுடுகிறார் டென்ட். கட்டிலில் இருப்பது தலையணை. பாண்ட் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். துப்பாக்கியைக் கீழே போடச் சொல்கிறான். போட்டுவிட்டுப் பேசிக்கொண்டே டென்ட் காலால் தரைவிரிப்பை இழுத்து இழுத்து அதை எடுத்துவிடுகிறார். விசையை அழுத்துகிறார். வெறும் 'கிளிக்'. அது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், உன் ஆறு தோட்டாவும் தீர்ந்துவிட்டது என்று சாவதானமாகச் சொல்லிவிட்டு, பாண்ட் அவரைச் சுட்டுக் கொல்கிறான். விழுந்தவரை மறுபடியும் சுடுகிறான்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ரிவால்வர். தோட்டாக்கள் வட்டமான உருளைக்குள் இருக்கும். சுடச் சுட உருளை சுழலும். பெரும்பாலானவற்றில் ஆறு தோட்டா. வசனத்தில் வரும் 'ஆறு' அங்கிருந்து வந்த எண்தான். ஆனால் டென்ட் கையில் இருப்பதைக் கவனித்துப் பாருங்கள். அது ரிவால்வரே இல்லை. கைப்பிடிக்குள் மேகஸின் செருகும் பிஸ்டல். அமெரிக்க ராணுவத்தின் கோல்ட் 1911 ஏ1. அதன் மேகஸினில் 7 தோட்டா. ஏற்கெனவே குழாயில் ஒன்றை ஏற்றி வைத்திருந்தால் 8. ஆறு சுட்ட பிறகும் குறைந்தது ஒன்று பாக்கி இருக்க வேண்டும். இன்னொன்று, அந்த ரகத்தில் கடைசித் தோட்டாவும் போனதும் மேல்பகுதி பின்னாலேயே நின்றுவிடும். துப்பாக்கி காலி என்பது பிடித்திருப்பவன் கண்ணுக்கே தெரியும். விசையை அழுத்தி ஏமாற வேண்டிய வேலையே இல்லை.

ஏன் ரிவால்வரையே கொடுக்கவில்லை என்று கேட்கலாம். ரிவால்வரில் உருளைக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளி உண்டு. சத்தம் அந்த வழியாக வெளியே வந்துவிடும். சாதாரண ரிவால்வரில் சைலன்ஸர் மாட்டுவது ஓட்டைக் குடத்துக்கு மூடி போடுவது மாதிரி. காட்சிக்கோ சைலன்ஸர் வேண்டும், வசனத்துக்கோ ஆறு வேண்டும். இரண்டும் ஒரே துப்பாக்கியில் கிடைக்காது.

இது பொருட்பிழை தேடிச் சிரிக்கிற விஷயம் மட்டும் இல்லை. அந்தக் காட்சியில் ஆயுதமற்ற ஒருவனைக் கதாநாயகன் கொல்கிறான். நாமும் தியேட்டரில் கைதட்டுகிறோம். எதற்காக? அவன் கணக்கு வைத்திருந்தான் என்பதற்காக. அந்த ஆறு என்ற எண்ணை எடுத்துவிட்டால், அங்கே மிச்சம் இருப்பது நிதானமாகச் செய்த ஒரு கொலை. துப்பாக்கியை அடையாளம் தெரிந்தவனுக்கு அந்தக் கைதட்டல் வராது. இதற்காகத்தான் நான் தம்பி கட்சி.

பாண்ட் கையில் இருந்தது என்ன? அதுவும் வேடிக்கைதான். படத்தின் ஆரம்பத்தில் மேலதிகாரி எம், பாண்டின் பழைய பெரட்டாவைப் பிடுங்கிக்கொண்டு வால்தர் பிபிகே கொடுக்கிறார். உற்றுப் பார்த்தால் அது பிபிகே இல்லை, அதன் அண்ணன் வால்தர் பிபி. கைப்பிடியும் குழாயும் கொஞ்சம் நீளம். டென்டைக் கொல்லும் காட்சியில் அதுவும் கிடையாது. சைலன்ஸர் மாட்டிய பெல்ஜியத்து பிரௌனிங் 1910. மேலதிகாரி அவ்வளவு அதட்டிக் கொடுத்த துப்பாக்கியை முக்கியமான நேரத்தில் காணோம்!

அந்தப் பெரட்டாவுக்கு வருகிறேன். அதைப் பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம், ஆளை நிறுத்தும் வலு கிடையாது என்று படத்தில் கேலி செய்கிறார்கள். இயன் ஃபிளெமிங்கின் நாவலில் அது இன்னும் சிறிய ரகம். படத்தில் பாண்ட் மேஜைமேல் வைப்பது இத்தாலிய ராணுவத்துக்காகச் செய்த 1934 மாடல் பெரட்டா. இந்த மாடலை நாம் வேறொரு இடத்தில் அறிவோம். 1948 ஜனவரி 30ஆம் தேதி மாலை, டெல்லி பிர்லா மாளிகைத் தோட்டத்தில் கோட்சே கையில் இருந்ததும் 1934 மாடல் பெரட்டாதான். எண் 606824. மூன்று தோட்டாக்கள்.

வலு இல்லாத துப்பாக்கி என்று சிரிக்கும் அந்த வசனத்தை, இது தெரிந்த பிறகு என்னால் பழையபடி கேட்க முடியவில்லை. வகுப்பில் காந்தியடிகள் பாடம் எடுத்தபோதெல்லாம் 'சுட்டான்' என்ற ஒரு சொல்லோடு கடந்துவிடுவது வழக்கம். பாடநூலும் அவ்வளவுதான் தந்தது. இந்தியாவுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் ஆயுதம், எண்ணோடு, நம் வரலாற்றில் உட்கார்ந்திருக்கிறது.

துப்பாக்கியை அடையாளம் காண்பது சினிமாவுக்கு வெளியே எவ்வளவு கனமான வேலை என்பதற்கும் இந்தப் படத்தின் கதையிலேயே ஒரு சம்பவம் உண்டு. கிளாஸ்கோவைச் சேர்ந்த ஜெஃப்ரி பூத்ராய்ட் என்ற துப்பாக்கி ஆர்வலர் 1956இல் ஃபிளெமிங்குக்குக் கடிதம் எழுதினார். உங்கள் நாயகனுக்குப் பெரட்டா பொருந்தவில்லை என்பதுதான் விஷயம். ஒரு வாசகர் கடிதம், அவ்வளவுதான். ஃபிளெமிங் கோபப்படவில்லை. யோசனை கேட்டார், நாவலில் ஆயுத அதிகாரிக்கு மேஜர் பூத்ராய்ட் என்று அவர் பெயரையே வைத்தார். படத்திலும் அந்தப் பெயர் உண்டு. தப்பைச் சுட்டிக்காட்டியவருக்கு இப்படி மரியாதை செய்த எழுத்தாளர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

இதே பூத்ராய்ட் தம்முடைய .38 ரிவால்வரை, ஃபிளெமிங் நாவலின் அட்டைப்படம் வரைவதற்காக ஓவியர் ரிச்சர்ட் சாப்பிங்குக்கு இரவல் கொடுத்திருந்தார். அந்தச் சமயத்தில், 1956 செப்டம்பரில், கிளாஸ்கோ அருகே பர்ன்சைடில் ஒரே வீட்டில் மூன்று பெண்களைச் சுட்டுக் கொன்றுவிட்டான் ஒருவன். போலீஸார் .38 ரிவால்வர் வைத்திருப்பவர்களைத் தேடி பூத்ராய்டிடமும் வந்தார்கள். உங்கள் துப்பாக்கி எங்கே என்று கேட்டால், படம் வரையக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டிய நிலைமை! அவர் தப்பித்தார். கொலையான பெண்ணின் கணவர் தப்பவில்லை. செய்யாத குற்றத்துக்கு இரண்டு மாதத்துக்கு மேல் சிறையில் கிடந்தார். உண்மைக் கொலைகாரன் பீட்டர் மானுவலை 1958இல் தூக்கிலிட்டார்கள்.

எங்கள் உறவுப் பெண் சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பெயர் மட்டும் பரவினால் மோகம்தான் வளரும். 1971இல் 'டர்ட்டி ஹாரி' வந்த பிறகு, அதில் கிளின்ட் ஈஸ்ட்வுட் ஏந்திய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 29 ரிவால்வரை வாங்க அமெரிக்காவில் ஆட்கள் அலைமோதினார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கைப்பேசி விளையாட்டின் தயவில் துப்பாக்கிப் பெயர்கள் வாய்ப்பாடு மாதிரி வருகின்றன. அவர்களை அதட்டி வாயை மூடவைக்க முடியாது. ஒருவேளை நம் எதிரில் மூடிக்கொள்வார்கள். எத்தனை தோட்டா பிடிக்கும், இதுவரை எத்தனை சுட்டான், எண்ணினாயா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். முப்பது முறை சுட்டும் மேகஸின் மாற்றாத நாயகனைப் பார்த்து ஒரு பிள்ளை சிரித்துவிட்டால், எனக்கு அது போதும்.

பிள்ளைகளோடு ஆரம்பிக்க ஒரு எளிய படம் சொல்கிறேன். 1963இல் வந்த அடுத்த பாண்ட் படம், 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்'. அதன் போஸ்டரில் கானரி கையை மடக்கி, துப்பாக்கியைக் கன்னத்தோரம் நிமிர்த்திப் பிடித்திருப்பார். குழாய் மட்டும் ரொம்ப நீளமாக இருக்கும். போட்டோ எடுக்கிற அன்றைக்கு வால்தர் பிபிகேயைக் கொண்டுவர மறந்துவிட்டார்கள். போட்டோகிராபர் டேவிட் ஹர்ன் தம்மிடம் இருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதுவும் வால்தர்தான், எல்பி 53. குறி பார்த்துப் பழகுவதற்கான காற்றுத் துப்பாக்கி. நம் ஊர்த் திருவிழாவில் பலூன் சுடக் கொடுப்பார்களே, அந்த ஜாதி.