பரண் மேல் கிடந்த லென்ஸும் 27.46 மில்லிமீட்டரும்



ஆண்டு மலர் என்றால் கவிதை எழுதணும், இல்லையென்றால் 'மாணவனே விழித்தெழு' என்று எழுதணும். இவன் என்னடா லென்ஸைப் பற்றி எழுதுகிறான் என்று முதல் வரியிலேயே பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். கவிதைக்கு சிவில் டிபார்ட்மெண்டில் ஆள் இருக்கிறது. நான் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. எனக்குத் தெரிந்தது மில்லிமீட்டர்தான்.

விஷயம் இதுதான். நம் பேரவையின் போட்டோ கிளப்புக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் சோனி ஏ6000 கேமரா இருக்கிறது. அதோடு இருந்த ஒரே லென்ஸ், ஃபிரெஷர்ஸ் டே அன்று மேடையிலிருந்து விழுந்து செத்துப்போனது. (யார் கையிலிருந்து விழுந்தது என்பதை எழுதக்கூடாது என்று எடிட்டர் அண்ணன் கண்டிஷன் போட்டுவிட்டார்.) உடனே கூட்டம் கூட்டினோம். புது லென்ஸ் 25,000 ரூபாய். தலைக்கு 50 ரூபாய் வசூல் செய்தால் 500 பேரில் முடிந்துவிடும் என்று ஒரு தரப்பு கணக்குப் போட்டது. நான் எழுந்து, "வேண்டாம். வீட்டுக்கு வீடு பரணில் பழைய லென்ஸ் கிடக்கு. அடாப்டர் போட்டு மாட்டிக்கலாம்" என்றேன். அத்தனை பேரும் சிரித்தார்கள். "பழைய டயரை பிளேன்ல மாட்டலாமா தலைவா?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. அன்றைக்குப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பெரியப்பா ஸ்டூடியோ வைத்திருந்தவர். 2009-இல் மூடிவிட்டார். பொங்கலுக்குப் பரண் ஒழித்தபோது ஒரு ஜெனிட்-இ கேமரா வந்தது. சோவியத் காலத்துச் சரக்கு. தோல் உறை பிய்ந்து, ஷட்டர் இறுகிப்போய்க் கிடந்தது. பழைய இரும்புக்காரர் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, கனம் இருக்கு என்று 200 ரூபாய் சொன்னார். அதன் முன்னால் இருந்த லென்ஸ் ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ., எஃப்/2. ஜெர்மனியின் கார்ல் ஜைஸ் பயோட்டார் லென்ஸின் டிசைனை வைத்து ரஷ்யர்கள் செய்தது. "கேமரா போகட்டும், லென்ஸை மட்டும் கழற்றிக்கிறேன் பெரியப்பா" என்றேன். "எடுத்துக்கடா. அதை வச்சு என்ன செய்வே, எறும்பை எரிப்பியா?" என்றார்.

அந்த லென்ஸின் பின்பக்கம் வெறும் மரை. 42 மி.மீ. விட்டம், 1 மி.மீ. பிட்ச். எம்42 என்று அதற்குப் பெயர். முதலாம் ஆண்டில் த்ரெட் கட்டிங் செய்தவர்கள் எல்லோருக்கும் இது புரியும்: எம்42 × 1. ஒரு கேமரா லென்ஸின் மவுண்ட் என்பது நம் ஒர்க்‌ஷாப் ரெக்கார்டு நோட்டில் வரைகிற சமாச்சாரம்தான் என்று தெரிந்த அன்றைக்கு எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பாஸான அன்றுகூட வரவில்லை.

இப்போது கொஞ்சம் தியரி. பயப்பட வேண்டாம், கழித்தல் கணக்குதான். லென்ஸ் உட்காரும் முகத்திலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரை உள்ள தூரம் ஒவ்வொரு மவுண்ட்டுக்கும் நிர்ணயம் செய்யப்பட்டது. எம்42-க்கு 45.46 மி.மீ., நிக்கான் எஃப்-க்கு 46.5. இத்தனை தூரம் எதற்கு? பழைய எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி, ஒவ்வொரு கிளிக்குக்கும் தடக்கென்று மேலே எழும்ப வேண்டும். அதற்கு இடம் வேண்டும். மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடியே கிடையாது. அதனால் சோனி இ மவுண்ட்டில் தூரம் 18 மி.மீ. போதும். நிக்கான் இசட்டில் 16, கேனன் ஆர்.எஃப்.பில் 20. ஆக 45.46-இல் 18-ஐக் கழியுங்கள். 27.46 மி.மீ. நீளத்துக்கு ஒரு குழாய். ஒரு முனையில் எம்42 மரை, மறுமுனையில் சோனி பேயனெட். அடாப்டர் என்பது அவ்வளவுதான். உள்ளே லென்ஸ் இல்லை, கரண்ட் இல்லை, காற்றுதான்.

இந்தக் கழித்தல் எப்போதும் நமக்குச் சாதகமாக வராது. கேனன் 1987-இல் தன் பழைய எஃப்.டி. மவுண்ட்டை விட்டுவிட்டு ஈ.எஃப். மவுண்ட்டுக்கு மாறியது. எஃப்.டி. 42 மி.மீ., ஈ.எஃப். 44. அப்படியானால் அடாப்டரின் நீளம் மைனஸ் 2 மி.மீ.! எந்த லேத்தில் அதைத் திருப்புவது? நடுவில் ஒரு கண்ணாடி வைத்து ஒப்பேற்றினால் படத்தின் தரம் போகும். அருமையான எஃப்.டி. லென்ஸ்கள் கம்பெனியின் சொந்தப் புது கேமராவிலேயே மாட்ட முடியாமல் அலமாரியில் தூங்கின. 2008-இல் பானாசோனிக் ஜி1 வந்தது, 2010-இல் சோனி நெக்ஸ் வந்தது, 2013-இல் ஃபுல் ஃப்ரேமில் ஏ7 வந்தது. தூரம் குறைந்ததும் தூங்கிய லென்ஸ் எல்லாம் எழுந்து உட்கார்ந்துகொண்டன. அந்த டயர் நண்பருக்கு என் பதில் இதுதான்: லென்ஸ் தேய்கிற பொருள் அல்ல. அதை மாட்ட இடமில்லாமல்தான் பரணில் ஏற்றினார்கள். இப்போது இடம் வந்துவிட்டது.

சரி, கதைக்கு வருவோம். 850 ரூபாய்க்கு ஒரு அடாப்டர் வரவழைத்தேன். மாட்டினேன். கேமரா 'லென்ஸ் இல்லை' என்று அடம் பிடித்தது. மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டரை இயக்கு என்று ஓர் இடம் இருக்கிறது, அதை மாற்றினால் சமாதானம் ஆகிவிடும். கேன்டீன் வாசலில் நின்ற பசங்களை எடுத்தேன். கண் இமை முடி எண்ணலாம், அப்படி ஒரு கூர்மை! ஆனால் தூரத்தில் தெரிகிற கோயில் கோபுரத்தை எடுத்தால், ஃபோகஸ் வளையத்தைக் கடைசி வரை திருப்பியும் மொழுக்கென்று இருந்தது.

பழைய லென்ஸ் என்றால் இப்படித்தான் என்று நாலு பேர் சொன்னார்கள். நான் லென்ஸைச் சந்தேகப்படவில்லை, குழாயைச் சந்தேகப்பட்டேன். மெட்ராலஜி லேபில் 25–50 மைக்ரோமீட்டரை வாங்கி, விளிம்பில் நாலு இடத்தில் அளந்தேன். 27.60, 27.61, 27.60, 27.59. அதாவது 0.14 மி.மீ. தடிமன் அதிகம். இதை வெறும் 0.14 என்று நினைக்காதீர்கள். லென்ஸின் ஃபோகல் நீளத்தை ஸ்கொயர் பண்ணி அந்தப் பிழையால் வகுத்தால், அதிகபட்சம் எவ்வளவு தூரம் வரை ஃபோகஸ் ஆகும் என்று வந்துவிடும். 58 × 58 = 3364. அதை 0.14-ஆல் வகுத்தால் 24,000 மி.மீ. சொச்சம், அதாவது 24 மீட்டர். கேன்டீன் தெரியும், கோபுரம் தெரியாது! இதே பிழை 28 மி.மீ. லென்ஸில் வந்தால் கணக்கு 5.6 மீட்டரில் நின்றுவிடும். 135 மி.மீ. லென்ஸுக்கு 130 மீட்டர் வரை போகும். டாலரன்ஸ் எதற்கு என்று இரண்டு வருடமாக சார் கத்தினார். எனக்கு அந்தக் கோபுரம்தான் புரியவைத்தது.

பொதுவாக அடாப்டர் செய்பவர்கள் தெரிந்தே ஒரு இம்மி மெலிதாகத்தான் செய்வார்கள். மெலிதாக இருந்தால் கோபுரத்தையும் தாண்டி வளையம் கொஞ்சம் திரும்பும், தூர அளவு எண்கள் பொய் சொல்லும், மற்றபடி நஷ்டமில்லை. தடித்தால்தான் வம்பு. எனக்கு வாய்த்தது வம்பு.

மெஷின் ஷாப் சாரிடம் போய் நின்றேன். "அரியர் இருக்கிறவனுக்கு கேமரா ஒரு கேடா?" என்று ஆரம்பித்தவர், மைக்ரோமீட்டர் ரீடிங்கைக் காட்டியதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பேயனெட் வளையத்தை ஸ்க்ரூ கழற்றித் தனியே வைத்தோம். அலுமினியக் குழாய், சக்கில் இறுக்கினால் நசுங்கிவிடும். வாய்களுக்கு நடுவே தாமிரத் தகடு கொடுத்து, டயல் இண்டிகேட்டர் வைத்து முகம் ஆடாமல் இருக்கிறதா என்று பார்க்கவே முக்கால் மணி நேரம். பிறகு லென்ஸ் உட்காரும் முகத்தில் ஃபேசிங், கெரசின் தொட்டுத் தொட்டு, ஓட்டத்துக்கு 0.05 வீதம் மூன்று ஓட்டம். முடிந்தது 27.45. சீவல் ஒன்றுகூட உள்ளே தங்கக்கூடாது, சென்சார் போய்விடும். பிரஷ் போட்டுத் துடைத்து, டார்ச் அடித்து இரண்டு முறை பார்த்த பிறகே கேமரா பக்கம் கொண்டுபோனேன்.

கோபுரம் வந்துவிட்டது! பொம்மைகளின் விரல்கூடத் தெரிந்தது.

ஒரு வேடிக்கை பாருங்கள். மரையின் பிட்ச் 1 மி.மீ. முகத்தில் 0.15 எடுத்துவிட்டோம். அப்படியானால் லென்ஸ் 0.15 சுற்று கூடுதலாகத் திரும்பித்தான் இறுகும். அதாவது 54 டிகிரி. மேலே இருக்க வேண்டிய அடையாளக் கோடு இப்போது இடது பக்கம் சாய்ந்து நிற்கிறது. சில அடாப்டர்களில் குட்டி ஆலன் ஸ்க்ரூக்கள் இருக்கும், தளர்த்தி நேராக்கிக்கொள்ளலாம். என்னுடையதில் இல்லை. சாய்ந்தே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். படத்தில் அது தெரியாது.

பழைய லென்ஸுக்கு நான் கோயில் கட்டவில்லை. ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. ஸ்போர்ட்ஸ் டே ரிலே ஓட்டத்தை இதில் எடுத்துப் பார்த்தேன். முப்பது படத்தில் மூன்று தேறியது. கல்யாணத்துக்குக் கொண்டுபோகவே போகாதீர்கள். தாலி கட்டுகிற நேரத்தில் வளையத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேரும் சேர்ந்து அடிப்பார்கள். எதிர் வெயிலில் படம் வெளுத்துப்போகும். யூடியூப்பில் காட்டுகிற அந்தச் 'சுழல் பின்னணி'யும் நம் ஏ6000-இல் பாதிதான் வரும். காரணம், நம் சென்சார் ஃபிலிமைவிடச் சின்னது. லென்ஸ் வரைகிற படத்தின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது, சுழல் இருப்பதோ ஓரத்தில். இதனால்தான் 58 மி.மீ. லென்ஸ் நம்மிடம் 87 மி.மீ. மாதிரி நடந்துகொள்கிறது. முகம் எடுக்க நல்லது, கிளாஸ் குரூப் போட்டோவுக்கு உதவாது. சுவரோடு சுவராக நின்றாலும் முழு வகுப்பு அடங்காது.

இன்னொன்று, பூஞ்சை. நம் ஊர் ஈரக்காற்றில் பூட்டிய பெட்டியில் கிடந்த லென்ஸுக்குள் சிலந்திவலை மாதிரி வெள்ளை நூல் படர்ந்திருக்கும். பின்னாலிருந்து டார்ச் அடித்தால் தெரியும். கொஞ்சமாக இருந்தால் படத்தில் பெரிதாகத் தெரியாது. கண்ணாடியின் பூச்சையே தின்றிருந்தால் விட்டுவிடுங்கள், துடைத்தாலும் போகாது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 'விண்டேஜ்' என்று பெயர் வைத்துப் பூஞ்சை லென்ஸை ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். பழசு என்பதற்காகக் காசு கொடுப்பதும் ஏமாறுவதுதான்.

அப்படியானால் நான் எதற்காக வாதாடுகிறேன்? என் ரூம்மேட்டுக்காக. பெயர் வேண்டாம். போட்டோ எடுக்கும் ஆசையில் போன வருடம் தவணையில் ஒரு லென்ஸ் வாங்கினான். மாதத் தவணை கட்ட சாயங்காலம் ஒரு கூரியர் ஆபீசில் பார்சல் பிரிக்கப் போனான். ராத்திரி பதினோரு மணிக்கு வந்து விழுவான். படமும் எடுக்கவில்லை, படிக்கவும் இல்லை. மூன்று பேப்பர் நின்றுவிட்டது. அந்த லென்ஸ் மட்டும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பத்திரமாக இருக்கிறது. "முதல்ல நல்ல லென்ஸ், அப்புறம்தான் நல்ல படம்" என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருந்தால் இந்த ஹீலியோஸைக் கையில் கொடுத்து, "ஒரு வருஷம் இதுல எடுடா, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லியிருப்பேன்.

தலைக்கு 50 ரூபாய் பெரிய காசா என்று கேட்கிறவர்கள், ஹாஸ்டலில் மாசக் கடைசி வாரம் ஒரு தடவை வந்து சாப்பிட்டுப் பார்க்கலாம். வேகமான ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ் பேரவைக்கு ஒன்று வேண்டும்தான், ஒத்துக்கொள்கிறேன். ஸ்போர்ட்ஸ் டே, பட்டமளிப்பு எல்லாம் இருக்கிறது. அந்த இரண்டு மூன்று நாளுக்கு வாடகைக்கு எடுப்போம். மற்ற நாளில் கிளப் பசங்க கற்றுக்கொள்ள வீட்டுச் சரக்கு போதும்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கேமராவைப் பெரியப்பா கையில் கொடுத்தேன். ஸ்க்ரீனைப் பார்க்கவே மாட்டேன் என்றார். கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரத்தில் வைத்தார். இடது கை தானாகப் போய் ஃபோகஸ் வளையத்தைப் பிடித்தது. அப்பெர்ச்சர் வளையத்தை விரல் எண்ணி எண்ணி எஃப்/4-க்கு வைத்தது, குனிந்துகூடப் பார்க்கவில்லை. பெரியம்மாவைத் திண்ணையில் உட்கார வைத்து ஒரே ஒரு படம். நான் பர்ஸ்ட்டில் முப்பது எடுத்திருப்பேன். பார்த்துவிட்டு, "ஏண்டா, கோடு ஏன் கோணலா நிக்குது?" என்றார். 54 டிகிரி கதையைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அளந்து வாங்கியிருக்கலாம்ல?" என்றார்.

ஆகவே நண்பர்களே, லீவுக்குப் போகும்போது பரணில் ஏறிப் பாருங்கள். தாத்தா, மாமா, சித்தப்பா யாருடையதாக இருந்தாலும் சரி, கேமரா ஓடாவிட்டாலும் பரவாயில்லை, லென்ஸைக் கொண்டு வாருங்கள். எந்த மவுண்ட், எத்தனை மில்லிமீட்டர் குழாய் வேண்டும் என்று உட்கார்ந்து கணக்குப் போடுவோம். சனிக்கிழமை மதியம் மெட்ராலஜி லேபில் இருப்பேன், சார் அனுமதி கொடுத்துவிட்டார். மைக்ரோமீட்டர் அங்கே இருக்கிறது. வெர்னியர் மட்டும் சொந்தமாக வைத்திருப்பவர்கள் எடுத்து வந்தால் நல்லது. லேபில் இருப்பதில் பாதிக்கு ஜீரோ எரர்.